மணந்து பார்த்துச் சொல்லுங்கோ

எதைக் கையில் எடுத்தாலும் முதலில் என் மூக்குக்குத்தான் நீட்டுவாள். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், கரம்பொனில், என் வீட்டு வளவுக்கும் அவளுடைய வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அதில் ஆள் குனிந்து வரக்கூடிய ஒரு திறப்பு, பொட்டு என்போம். காலையில் பால் காய்ச்ச முதல் செம்போடு வருவாள். மத்தியானம் மீன் சட்டியோடு வருவாள். "ரீச்சர், இதை ஒருக்கா மணந்து பார்த்துச் சொல்லுங்கோ." நான் நல்லது என்றால் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போவாள். பழுது என்றால் நின்ற இடத்திலேயே பூனைக்குக் கவிழ்த்துவிடுவாள். என் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது.

சண்டைக்கு இடம்பெயர்ந்து போன இடங்களில் இருந்து தொண்ணூற்றாறில் தீவுக்குத் திரும்பி வந்த சில குடும்பங்களில் எங்களுடையதும் அவளுடையதும் இருந்தன. நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தேன். அவளுடைய கணவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். எனக்கும் அவளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஆனால் அவளைப் பின்னால் இருந்து பார்த்தால் பள்ளிக்கூடப் பெட்டை என்றுதான் சொல்வார்கள். நெடிய உடம்பு, நீளமான கைகள், எங்கேயும் ஒரு சதைப்பிடிப்புக் கிடையாது. சட்டைகளை எப்போதும் தொளதொளவென்று தைப்பாள். என்னிடம் ஏன் இப்படி ஓடி ஓடி வருகிறாள் என்று முதலில் யோசித்தேன். பிறகு, ரீச்சர் என்ற மரியாதையில் கேட்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ரீச்சர்மாருக்கு யாராவது கருத்துக் கேட்டால் பிடிக்கும். எனக்கும் பிடித்தது.

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்குப் பிள்ளைகள் கடதாசியில் மல்லிகை மாலை கட்டி மேசையில் வைத்திருந்தார்கள். விழா பார்க்க வந்தவள் மாலைக்குக் கிட்டப் போய்க் குனிந்து, கண்ணை மூடி, "என்ன வாசம், ரீச்சர்" என்றாள். பெட்டைகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு சிரித்தார்கள். பகிடி விடுகிறாள் என்று நானும் சிரித்தேன். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தாள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

இன்னொரு நாள் நான் கிணற்றடியில் நிற்கும்போது சோறு அடிப்பிடித்து எரியும் மணம் மூக்கைத் துளைத்தது. என் அடுப்பில் ஒன்றுமில்லை. பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடினேன். அவள் தன் குசினி வாசலில், பானைக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்து, ஆறுதலாகச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே புகை. பானையை இறக்கிவிட்டு நல்லாய்ப் பேசினேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏதோ யோசினையில இருந்திட்டன், ரீச்சர்" என்றாள். அந்த யோசனை என்னவென்று ஊருக்கே தெரியும். தொண்ணூற்றுநாலில் கலியாணம் முடித்தவள், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

அவளுடைய மாமியாரும் கூடவே இருந்தார். கெட்ட மனுசி இல்லை. ஆனால் மகனுக்கு ஒரே ஒரு வாரிசு கேட்டு, விடிந்தால் பொழுதுபட்டால் சாமியோடு கதைப்பார், மருமகளுக்குக் கேட்கத்தக்கதாகக் கதைப்பார். அவள் யாழ்ப்பாணத்துக்குப் போய் டொக்டர்மாரைப் பார்த்தாள். தீவில் இருந்து பட்டணத்துக்கு ஒருமுறை போய் வருவதென்றால் அன்றைக்கு முழுநாளும் பஸ்ஸிலும் சோதனைச் சென்றியிலும் போய்விடும். ஏறி, இறங்கி, நடந்து, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி. பலமுறை நான் துணைக்குப் போனேன். ஒவ்வொரு டொக்டரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான், மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று. அவள் தலையைக் குனிந்தபடி, "ஓம், ஒழுங்கா வருது" என்பாள். எப்போது பெரியபிள்ளை ஆனீர் என்றால், பதினேழில் என்பாள். கொஞ்சம் பிந்தித்தான், ஆனால் ஊரில் இல்லாததல்ல. ஒழுங்காக வரும் பெண்ணுக்குக் கொடுக்கிற குளிசையைக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த டொக்டர், அதே கேள்வி, அதே பதில், அதே குளிசை.

மாதத்தில் மூன்று நாள் அவள் சாமியறைப் பக்கம் போகமாட்டாள், அடுப்படிக்கும் வரமாட்டாள், தனிப் பாயில் படுப்பாள். மாமியார்தான் சமைப்பார். அதில் அவள் ஒரு மாதமும் பிழைவிட்டதில்லை. நயினாதீவு அம்மனுக்குத் தொட்டில் கட்ட ஒருமுறை நாள் வைத்தோம். குறிகாட்டுவான் துறையில் வள்ளம் ஏற எல்லாம் ஆயத்தம். முதல்நாள் பின்னேரம் பொட்டடியில் வந்து நின்று, "எனக்குத் துடக்கு, ரீச்சர், ஏலாது" என்றாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் கோபம் வந்தது, பிள்ளை கேட்டுப் போகிறவள் நாளைக் கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று. உண்மையில் அவள் கணக்குப் பார்த்துத்தான் சொல்லியிருந்தாள். அந்த மூன்று நாளும் ஒவ்வொரு மாதமும் எப்போது வரவேண்டும் என்று விரல்விட்டு எண்ணி வைத்திருப்பவள், அம்மனுக்காக அதை மாற்றப் பயந்துவிட்டாள்.

சண்டை ஓய்ந்து தெற்கே போகும் பாதை திறந்தபிறகு, இரண்டாயிரத்து நாலில், கொழும்பில் இப்படியான பெண்களுக்கென்று வைத்தியம் செய்யும் ஒரு டொக்டர் அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டோம். கணவருக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. ஆங்கிலம் தெரிந்த துணை என்று என்னை அனுப்பினார். என் ஒன்பது வயது மகளைத் தகப்பனோடு விட்டுவிட்டுப் போனேன். டொக்டர் அம்மா தமிழ்ப் பெண்தான், என் ஆங்கிலத்துக்கு வேலை இருக்கவில்லை. ஸ்கான் செய்து பார்த்தார். பிறகு எங்களைக் கதிரையில் இருக்கச் சொன்னார். மேசையில் இரண்டு சின்னப் போத்தல்களை வைத்தார். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக மூக்கடியில் பிடித்தார். ஒன்றில் கோப்பித்தூள், மற்றதில் வெறும் தண்ணீர். எது வாசம் என்று கேட்டார்.

"ரெண்டும் நல்ல வாசம்" என்றாள் அவள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். மீன் சட்டி, பால் செம்பு, கடதாசி மல்லிகை, எரிந்த சோறு, எல்லாம் ஒரேயடியாக வந்து முன்னால் நின்றன.

டொக்டர் அம்மா போத்தல்களை மூடிவிட்டு, "என்னிடம் பொய் சொல்லத் தேவையில்லை, அம்மா. உங்களைப் போல இன்னொரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இதுவரை ஒருநாளும் வந்ததில்லை, இல்லையா?" என்றார்.

அவள் அழவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பதினேழு வயதாகியும் பெரியபிள்ளை ஆகவில்லை. அவளுக்கு இளைய மச்சாள்மார் எல்லாருக்கும் சாமத்திய வீடு நடந்து முடிந்துவிட்டது. சனம் கேட்கத் தொடங்கியது. ஒருநாள் விடிய அவளுடைய தாய் கறிக்கென்று ஒரு சேவலை அறுத்தாள். அதன் இரத்தத்தில் துணியை நனைத்து, துணி வாங்க வந்த சலவைக்காரப் பெண்ணிடம் கொடுத்தாள். பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. மாமன் தண்ணீர் வார்த்தார், சேலை உடுத்தி மணவறையில் இருத்தினார்கள், படம் பிடித்தார்கள். அன்றைக்கு மத்தியானம் அந்தச் சேவல் கறியை எல்லாரும் சாப்பிட்டார்கள். தாய் அவள் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, உயிர் போனாலும் இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். மாதம் மூன்று நாள் எப்படி இருக்க வேண்டும் என்று பழக்கியதும் தாய்தான். இன்றைக்கு இல்லாவிட்டாலும் பிறகு வரும், அதற்கிடையில் கலியாணம் நடந்துவிட வேண்டும் என்பது அவளுடைய நினைப்பு. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் தாய் செத்துப்போனாள். செத்தவளுக்குக் கொடுத்த சத்தியத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது.

மணத்தைப் பற்றிக் கேட்டபோது, "மணக்குது எண்டு எல்லாரும் சும்மா சொல்லுறவை எண்டுதான் நினைச்சனான். சுகமா இருக்கிறியளோ எண்டு கேக்கிற மாதிரி. பெரியாளானாப் பிறகுதான் விளங்கினது, மற்றவைக்கு உண்மையா ஏதோ தெரியுது எண்டு" என்றாள்.

மிக அரிதான ஒரு குறைபாடு, பிறக்கும்போதே வருவது என்று டொக்டர் அம்மா விளக்கினார். கருப்பையும் முட்டையும் இருக்கின்றன, ஆனால் அவற்றை எழுப்பிவிடும் கட்டளை தலைக்குள் இருந்து வரவில்லை. அந்தக் கட்டளையும் மணம் தெரிகிற நரம்பும் கருவில் ஒரே வழியால் வளர்கிறவை, அதனால் இரண்டும் சேர்ந்து இல்லாமல் போய்விட்டன. ஊசியால் அந்தக் கட்டளையைக் கொடுக்கலாம். முதலில் கருப்பை வளர மாதக்கணக்கில் குளிசை, பிறகு ஊசி, ஸ்கான். குளிசை கொடுத்துத் தோற்ற எத்தனையோ பெண்களை விட இவளுக்கு வாய்ப்பு அதிகம் என்றார். "பத்து வருஷம் முந்தி உண்மையைச் சொல்லியிருந்தால்" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த அன்றே கணவருக்குச் சொல்லிவிட்டாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனாராம். திரும்பி வந்து சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, "மருந்து எப்ப தொடங்கிறது?" என்று மட்டும் கேட்டாராம். நான் அந்த மனுசனை அதுவரை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. அன்றிலிருந்து எண்ணினேன்.

குளிசை தொடங்கிச் சில மாதம் கழித்து ஒரு காலையில் பொட்டுக்குள்ளால் வந்தாள். முதல்முறையாகக் கையில் ஒன்றுமில்லை. "ரீச்சர், வந்திட்டுது" என்றாள். முப்பத்திநாலு வயது. பதினேழு வருஷம் மாதம் தவறாமல் தனிப் பாயில் படுத்தவளுக்கு இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குச் சடங்கு சம்பிரதாயத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு உழுத்தங்களி கிண்டினேன். நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுத்தேன். "உம்மட மாமன்மார் எல்லாம் கனடாவில. நான்தான் தண்ணி வார்க்க வேணும்" என்று சொல்லிக் கிணற்றடியில் இருத்தி மூன்று வாளி அள்ளி ஊற்றினேன். முதல் வாளிக்குச் சிரித்தாள், பிறகு அழுதாள். "அம்மா பார்த்திருக்கலாம்" என்றாள். நானும் அழுதேன். அவளைத் தெரிந்த அத்தனை வருஷத்திலும் சந்தோஷமாக நினைக்க எனக்கு இருப்பது அந்த ஒரு காலைதான்.

முதல் ஊசிச் சுற்று இரண்டாயிரத்து ஆறு தொடக்கத்தில் கொழும்பிலேயே நடந்தது. பலிக்கவில்லை. ஆனால் எவ்வளவு மருந்து இவள் உடம்புக்குத் தேவை என்று இப்போது தெரிந்துவிட்டது, அடுத்தமுறை நம்பிக்கையோடு வாருங்கள் என்று டொக்டர் அம்மா சொல்லி, ஊசி மருந்தைக் கையில் கொடுத்துவிட்டார். ஊரில் வைத்துப் போடத் தொடங்க வேண்டும். குறித்த நாளில் கொழும்புக்கு வந்து ஸ்கான் செய்ய வேண்டும். முட்டை முற்றியது தெரிந்தால்தான் கடைசி ஊசி. ஸ்கான் பார்க்காமல் அதைப் போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று எங்கள் இருவரிடமும் இரண்டுதரம் சொன்னார்.

கரண்டை நம்பி மருந்து வைக்க முடியாது. கணவர் விடியக்காலையில் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குச் சைக்கிளில் போய், மீனுக்குப் போடும் ஐஸைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். அதை உடைத்துப் பிளாஸ்க்கில் போட்டு மருந்தை வைத்தார்கள். பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஆஸ்பத்திரித் தாதி, மிசி என்போம், வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். பிளாஸ்க் முழுக்க மீன் வாடை. அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் மட்டும் அவள் எதையும் மணந்து பார்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவளுக்கு இருந்த எண்ணம் எல்லாம் வயிற்றுக்குள்ளே இருந்தது.

ஊசி முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது, ஆவணியில், பாதையை மூடிவிட்டார்கள். சண்டை தொடங்கிவிட்டது. கொழும்பு இல்லை, போன் இல்லை, ஊரடங்கு. யாழ்ப்பாணத்துக்காவது போய் யாரையாவது பிடித்து ஸ்கான் செய்யலாம் என்று, ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்திய ஒரு காலையில் ஓட்டோவில் புறப்பட்டோம். கணவர், அவள், நான், அவள் மடியில் பிளாஸ்க். மண்கும்பான் சென்றியில் மறித்தார்கள். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு நேவிக்காரச் சிங்களப் பெடியன். "பாதை இல்ல. வீட்டுக்குப் போ" என்றான்.

"ரீச்சர், இங்கிலிசில சொல்லுங்கோ" என்றாள் அவள்.

அத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவள் நான். இறங்கி நின்றேன். இந்தப் பெண்ணின் வயிற்றில் ஒரு முட்டை இருக்கிறது, அது நாளைக்கோ மறுநாளைக்கோ வீணாகிவிடும், அதற்கு முன் யாராவது அதைப் பார்க்க வேண்டும் என்று எந்தப் பாஷையில் சொல்வது. தெரிந்த சொற்களில் சொன்னேன். அவன் பிளாஸ்க்கைக் காட்டி, குண்டா என்று கேட்டான். திறந்து உள்ளே குனிந்தவன், மீன் வாடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடித் திருப்பிக் கொடுத்தான். அவன் முகத்தில் கொடுமை ஒன்றும் இல்லை. அவனும் பயந்துபோய் நின்றான். மறுபடியும் பாதை இல்லை என்றான்.

திரும்பி வந்து மிசியிடம் கெஞ்சினாள். ஸ்கான் வேண்டாம், கடைசி ஊசியைப் போட்டுவிடுங்கோ என்று. மிசி தனக்கு ஏலாது, உயிருக்கு ஒன்று நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். "என்ர உயிர்தானே, மிசி" என்றாள். மிசி அழுதுகொண்டு போய்விட்டார். பிறகு படகுகளைக் கடலுக்குப் போக விடவில்லை, படகு போகாததால் ஐஸும் இல்லை. அந்தக் கடைசி மருந்து, தண்ணீராகிப்போன பிளாஸ்க்குக்குள் கிடந்தது. எதைப் பற்றி நினைத்தாலும் இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஆறாதது அதுதான். ஒருவரும் அவளுக்கு அநியாயம் செய்ய நினைக்கவில்லை, தாயும் இல்லை, டொக்டர்மாரும் இல்லை, மிசியும் இல்லை, அந்தப் பெடியனும் இல்லை. எல்லாரும் சேர்ந்து அவளுக்குப் பிள்ளை இல்லாமல் செய்துவிட்டோம்.

குளிசையும் முடிந்தது. கப்பலில் அரிசி வருவதே பெரிய பாடாக இருந்த காலத்தில் இந்தக் குளிசையை யார் ஏற்றி அனுப்புவார்கள். ஆனால் அவள் மாதம் மூன்று நாள் தனிப் பாயில் படுத்துக்கொண்டுதான் இருந்தாள். மாமியாரும் அதற்கிடையில் போய்ச் சேர்ந்துவிட, அந்த நாட்களில் கணவர் சமைத்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல், குளிசை இல்லாமல் எப்படி, இப்போதும் வருகிறதா என்று கேட்டேன்.

"ஓம், ஒழுங்கா வருது" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு, டொக்டர்மாரிடம் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

கணவரைச் சங்கக்கடையில் தனியே கண்டபோது அவர் என் முகத்தைப் பார்த்தே பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும், ரீச்சர். அவவா சொல்லட்டும் எண்டு இருக்கிறன்" என்றார். அவள் சொல்லவே இல்லை. அவர் மாதாமாதம் சமைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்து, பாதையைத் திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. கொழும்புக்குப் போவோமா என்று கேட்டேன். டொக்டர் அம்மா வெளிநாடு போய்விட்டாவாம், தனக்கும் நாற்பது ஆகப்போகிறதாம். "இனி என்னத்துக்கு, ரீச்சர்" என்றாள். வற்புறுத்த எனக்கும் வாய் வரவில்லை. மறுபடியும் பால் செம்போடும் மீன் சட்டியோடும் வரத் தொடங்கினாள்.

அந்த வருஷம் என் மகளுக்குப் பதினாலு நடந்தது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் பெரியபிள்ளை ஆகிவிட்டார்கள், இவள் மட்டும் இல்லை. மகளும் நெடிய உடம்பு, மெலிந்த பிள்ளை. என் கணவரின் சொந்தக்காரர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, அவளிடம் அறவே இல்லை. ஆனால் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

ஒரு பின்னேரம் பொட்டுக்குள்ளால் வந்தாள். வலது கையை இறுக்கிப் பொத்தி வைத்திருந்தாள். என்னிடம் வரவில்லை. நேரே மேசையில் படித்துக்கொண்டிருந்த மகளிடம் போனாள். "கண்ணை மூடும், பிள்ளை. பார்க்கக்கூடாது" என்று சொல்லி, பொத்திய கையை அவள் மூக்கடிக்குக் கொண்டுபோனாள். "மணந்து பார்த்துச் சொல்லும், இது என்ன?"

நான் குசினி வாசலில் நின்றேன்.

மகள் மூச்சை இழுத்தாள். "கறிவேப்பிலை, அன்ரி" என்றாள். இது என்ன விளையாட்டு என்ற மாதிரிச் சிரித்தாள்.

அவள் கையை விரித்து, உள்ளே என்ன இருக்கிறதென்று தானும் ஒருமுறை பார்த்தாள். கசங்கிய கறிவேப்பிலை நெட்டு. என் பக்கம் திரும்பினாள். "பயப்பிடாதேயுங்கோ, ரீச்சர். இவவுக்கு வரும்" என்றாள். "வரேக்க வரட்டும். அதுக்கு முதல் ஒரு கோழியையும் அறுக்க விடாதேயுங்கோ."

அடுத்த தை மாதம் மகளுக்கு வந்தது. சடங்குக்குத் தண்ணீர் வார்க்க நான் முதலில் கூப்பிட்டது அவளைத்தான். பிள்ளையில்லாதவளையா கூப்பிடுகிறாய் என்று ஆட்கள் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டேன். தனிப் பாயை விரித்துக்கொண்டு நின்றவள் திரும்பிப் பார்த்து, "எனக்குத் துடக்கு, ரீச்சர், ஏலாது" என்றாள்.